தொய்வுக்கான பரம்பரையலகுப் பரிசோதனை: காசைக் கட்ட முன்னர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியில், கடந்த மாதம் ஒரு காலைப்பொழுதில், எல்லா வீட்டுக் கதவுகளுக்குக் கீழாலும் ஒரு துண்டுப்பிரசுரம் தள்ளப்பட்டிருந்தது. பிள்ளையின் உமிழ்நீரைச் சிறு குழாயொன்றில் எடுத்துக் கொடுத்தால், அப்பிள்ளைக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா, வரும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பதை டீ.என்.ஏ. மூலம் கணித்துத் தருவதாகப் பளபளப்பான தாளில் அச்சிட்டிருந்தார்கள். கட்டணம் ஒரு சாதாரண உத்தியோகத்தரின் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு. என் மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, சின்னவளுக்குச் செய்து பார்ப்பமோ?" என்று கேட்டாள். ஆறு வயதான என் பேரனுக்கு இரண்டு வயதிலிருந்தே முட்டு இருக்கிறது. நீலப் பம்பும், ஸ்பேசரும், மூலை மடிந்த கிளினிக் கொப்பியும் அவனுடைய புத்தகப்பையைப் போலவே வீட்டில் அவனுக்குரிய பொருட்களாகிவிட்டன. எட்டு மாதமான பேத்திக்கு இதுவரை ஒன்றும் இல்லை. மகளின் கேள்விக்குள் இருந்த பயம் எனக்கு விளங்கியது. உயர்தர வகுப்புகளில் 31 ஆண்டுகள் உயிரியல் படிப்பித்தவன் என்ற முறையில் அவளுக்குச் சொன்ன பதிலை, இதே பிரசுரம் கிடைத்திருக்கக்கூடிய ஏனைய பெற்றோருக்காகவும் தங்கள் பத்திரிகையூடாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் பாடநூல்களில் பரம்பரையலகு என்று வருவதைத்தான் இந்தியப் பத்திரிகைகள் மரபணு என்று எழுதுகின்றன. மனிதரின் டீ.என்.ஏ.யில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. புரதங்களை ஆக்குவதற்கான கட்டளைகளைத் தாங்கிய பரம்பரையலகுகள் அவற்றுள் 20,000 அளவிலேயே இருக்கின்றன. ஆளுக்கு ஆள் இந்த எழுத்துகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக வேறுபடும். தொய்வு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பெருந்தொகையாகச் சேர்த்து, இலட்சக்கணக்கான இடங்களில் எந்த எழுத்து எந்தத் தரப்பினரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது என்று இடம் இடமாக எண்ணிப் பார்ப்பதையே தொடர்பாய்வு என்கிறார்கள். துண்டுப்பிரசுரக்காரரின் சதவீதமும் இத்தகைய ஆய்வுகளிலிருந்து பெறப்பட்டதாகவே இருக்கவேண்டும். வேறு வழியில் அதைப் பெறமுடியாது.

ஆஸ்துமாவைப் பொறுத்தவரை இந்த முறையின் முதலாவது பெரிய அறுவடை 2007ஆம் ஆண்டில் கிடைத்தது. சிறுபிராயத்திலேயே ஆஸ்துமா தொடங்கிய 994 பேரையும் ஆஸ்துமா இல்லாத 1,243 பேரையும் எடுத்து, 3 இலட்சத்து 17 ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களைப் பார்த்த ஐரோப்பிய ஆய்வாளர்கள், டீ.என்.ஏ. சுருண்டு பொதிந்திருக்கும் நிறமூர்த்தங்களுள் 17ஆவதன் நீண்ட புயத்தில் ஒரு பகுதி திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதைக் கண்டார்கள். ஆனால், அந்தப் பகுதியில் பல பரம்பரையலகுகள் ஒன்றையொன்று அடுத்தடுத்து இருந்தன. மாறியிருந்த எழுத்துகளோ பெரும்பாலும் எந்தப் புரதத்தின் கட்டளைக்குள்ளும் விழாமல் இடைவெளிகளில் கிடந்தன. இதை மகளுக்கு விளக்க எங்கள் தொடர்மாடியையே உதாரணமாக எடுத்தேன். இரவில் எங்கோ ஒரு குழாய் திறந்தபடி கிடந்து தண்ணீர் வீணாகிறது; அது நம் கட்டடத்தில்தான் என்பது மட்டும் தெரியும், எந்த வீடு என்று தெரியாது. தொடர்பாய்வு கட்டடத்தைக் காட்டும். வீட்டைக் காட்டாது.

வீட்டைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் மானிகளைப் பார்க்கவேண்டும். எந்த வீட்டு மானி ஓடுகிறது என்று பார்ப்பதற்குச் சமமானதுதான் பரம்பரையலகு வெளிப்பாட்டை அளப்பது. நம் உடலின் ஒவ்வொரு கலத்திலும் ஏறக்குறைய ஒரே டீ.என்.ஏ. இருந்தாலும், எந்தப் பரம்பரையலகு எந்தக் கலத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறுபடும். அது வேலை செய்யும்போது உண்டாகும் தூதர் ஆர்.என்.ஏ.யின் அளவைக்கொண்டு அந்த வேறுபாட்டைக் கணக்கிடலாம். 2007ஆம் ஆண்டின் ஆய்வாளர்கள் கெட்டிக்காரத்தனமாகச் செய்தது இதைத்தான். பிள்ளைகளின் குருதியிலிருந்து பெற்று ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட வெண்குருதிக் கலங்களில் ஆர்.என்.ஏ.யை அளந்து, ஆஸ்துமாவுடன் தொடர்புபட்ட அதே எழுத்துகள் ஓ.ஆர்.எம்.டி.எல்.-3 என்னும் பரம்பரையலகின் அளவையும் கூட்டிக் குறைப்பதை அவர்கள் காட்டினார்கள். தொடர்பையும் வெளிப்பாட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வழக்கம் ஆஸ்துமா ஆய்வில் அங்கிருந்துதான் வேரூன்றியது.

அதோடு விடயம் முடிந்திருந்தால் இந்தக் கடிதம் அரைப்பக்கத்தில் நின்றிருக்கும். பார்க்கப்பட்டது குருதிக் கலம். தொய்வு நடப்பதோ சுவாசக்குழாயில். பின்னர் சுவாசக்குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மேலணிக் கலங்களை எடுத்துப் பார்த்தவர்கள், அதே கட்டடத்தில் அடுத்த வீட்டிலிருந்த காஸ்டெர்மின்-பீ என்னும் பரம்பரையலகின் பக்கம் சந்தேகத்தைத் திருப்பினார்கள். அதிலுள்ள ஓர் எழுத்து மாற்றம், அந்தப் புரதத்தின் ஒரு துண்டை இல்லாமற் செய்து, மேலணிக் கலங்களை வெடித்துச் சாகவைக்கும் அதன் ஆற்றலை நீக்கிவிடுகிறது என்றும், அந்த மாற்றத்தைக் கொண்டவர்களுக்கு ஆஸ்துமா வாய்ப்புக் குறைவு என்றும் 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. இந்த இரண்டு பரம்பரையலகுகளின் மானிகளும் ஒரே குழாயில் பொருத்தப்பட்டவை போல அநேகமாகச் சேர்ந்தே ஓடுவதால், முதற்குற்றவாளி யார் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. உலகிலேயே மிகக் கூடுதலாக ஆராயப்பட்ட ஆஸ்துமாப் பகுதியின் நிலையே இதுவென்றால், இதையும் இன்னும் பல பகுதிகளையும் கூட்டிப் பெருக்கி ஒரு குழந்தைக்கு ஒரேயொரு சதவீதத்தைக் கொடுப்பவர் எதைக் கொடுக்கிறார் என்று வாசகர்களே யோசிக்கலாம்.

எந்த இழையத்தைப் பார்ப்பது என்ற கேள்வி சிறியதன்று. வெளிப்பாட்டுத் தரவுகளுக்கு உலகம் முழுவதும் நாடுகின்ற ஜீடெக்ஸ் என்னும் அமெரிக்கக் களஞ்சியம், இறந்தவர்களின் உடல்களிலிருந்து பெற்ற பல்வேறு இழையங்களைக் கொண்டது. 2020இல் வெளியான அதன் தொகுப்பில் 838 பேர் இருந்தனர். அதில் சுவாசப்பை இழையமும் உண்டு. ஆனால் சுவாசப்பையில் ஒரு துண்டை வெட்டினால் கிடைப்பது பெரும்பாலும் காற்றுச் சிற்றறைகளே. முட்டு இழுக்கும்போது சுருங்குவது அவற்றுக்கு மேலேயுள்ள குழாய்கள். எனவே ஒரு பரம்பரையலகு "சுவாசப்பையில் வெளிப்படுகிறது" என்று படிக்கும்போதும், அந்தச் சுவாசப்பைத் துண்டின் எந்தக் கலத்தில் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

அப்படியானால் டீ.என்.ஏ.யை விட்டுவிட்டு, தொய்வுள்ள பிள்ளைகளின் சுவாசக்குழாய் ஆர்.என்.ஏ.யை மட்டும் பார்த்தால் போதாதா என்று என் மருமகன் கேட்டார். கணக்காளர் என்பதால் அவருக்குக் குறுக்குவழிகளில் விருப்பம் அதிகம். போதாது. என் பேரனின் மூக்கிலிருந்து இன்று கலங்களை எடுத்தால், அவற்றில் நோயை உண்டாக்கியவையும் நோயால் உண்டானவையும் மருந்தால் உண்டானவையும் கலந்திருக்கும். 2007இலேயே இன்னோர் ஆய்வுக்குழு இதை அழகாகக் காட்டியது: ஆஸ்துமாக்காரரின் சுவாசக்குழாய் மேலணியில் பெரியொஸ்டின் உள்ளிட்ட சில பரம்பரையலகுகள் கூடுதலாக வேலை செய்தன; உறிஞ்சும் ஸ்டீரொயிட் மருந்து கொடுத்த பின்னர் அவை அடங்கின; அதேவேளை வேறொரு பரம்பரையலகு அந்த மருந்தினாலேயே உயர்ந்தது. மருந்தின் சுவட்டை நோயின் காரணம் என்று எழுதிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. டீ.என்.ஏ. எழுத்து அப்படியன்று, கருவிலேயே அமைந்துவிட்ட அதைப் பம்பும் மாற்றாது, முட்டும் மாற்றாது. ஆகவே எழுத்து முந்தியது, நோய் பிந்தியது என்ற ஒழுங்கு நிச்சயமாகத் தெரியும். எழுத்தை மட்டும் பார்த்தால் எந்தப் பரம்பரையலகு என்று தெரியாது. வெளிப்பாட்டை மட்டும் பார்த்தால் எது முந்தியது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்து, ஒரே எழுத்துத்தான் நோயையும் வெளிப்பாட்டையும் அசைக்கிறதா, அல்லது அருகருகே இருக்கும் இரு வேறு எழுத்துகள் நம்மை ஏமாற்றுகின்றனவா என்று பிரித்துப் பார்ப்பதில்தான் இன்றைய ஆய்வின் உழைப்பில் பெரும்பங்கு செலவாகிறது.

இந்த உழைப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. 2010இல் ஆஸ்துமா உள்ள 10,365 பேரையும் இல்லாத 16,110 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு, 17ஆவது நிறமூர்த்தப் பகுதி சிறுபிராயத் தொய்வுடன் மட்டுமே தொடர்புடையது என்றும், இன்டர்லியூக்கின்-33 என்னும் அறிவிப்புப் புரதத்துக்குரிய பரம்பரையலகு உள்ள பகுதி போன்றவை எல்லா வயதினரிலும் தொடர்புபடுகின்றன என்றும் பிரித்துக் காட்டியது. மேலணி காயப்படும்போது அது நிர்ப்பீடனத் தொகுதிக்கு (உடலின் நோயெதிர்ப்பு அமைப்புக்கு) அனுப்பும் அபாய அறிவிப்புகளே தொய்வின் மையத்தில் உள்ளன என்ற விளக்கத்துக்கு இவ்வாறான ஆய்வுகள் வலுச் சேர்த்தன. அப்படிப்பட்ட அறிவிப்புகளுள் ஒன்றான டி.எஸ்.எல்.பி. என்பதைத் தடுக்கும் டெசெபெலுமாப் என்ற ஊசிமருந்துக்குக் கடுமையான ஆஸ்துமாவுக்காக 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து எங்கே தொடவேண்டும் என்று காட்டுவதில் இந்தத் தரவுகள் பயனுள்ளவை. எட்டு மாதக் குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்வது வேறு வேலை. 17ஆவது நிறமூர்த்தத்திலுள்ள ஆபத்து எழுத்து ஐரோப்பியரின் நிறமூர்த்தங்களில் ஏறத்தாழப் பாதியில் காணப்படுவது. அதைச் சுமப்பவர்களுள் பெரும்பாலானோருக்குத் தொய்வு வருவதில்லை.

வருவதற்கும் வராமல் விடுவதற்கும் இடையில் வேறென்ன நிற்கிறது என்பதற்கு நான் அறிந்த சான்றுகளுள் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவிலுள்ள இரண்டு விவசாயச் சமூகங்களைப் பற்றியது. ஆமிஷ் மக்களும் ஹட்டரைட் மக்களும் மூதாதையர் வழியில் நெருங்கியவர்கள்; உணவும் பெருமளவு ஒத்தது. ஆமிஷ் மக்கள் குதிரையையும் கையையும் கொண்டு வீட்டை ஒட்டியே மாடு வளர்ப்பவர்கள். ஹட்டரைட் மக்கள் இயந்திரங்களுடன் பெரும் பண்ணைகளை நடத்துபவர்கள். முந்தியவர்களின் பாடசாலைப் பிள்ளைகளில் ஆஸ்துமா 5.2 சதவீதமாகவும் பிந்தியவர்களில் 21.3 சதவீதமாகவும் முன்னர் பதிவாகியிருந்தது. 2016இல் ஒவ்வொரு சமூகத்திலும் 30 பிள்ளைகளின் குருதியைப் பார்த்தபோது, டீ.என்.ஏ. நெருங்கியிருந்தும் வெண்குருதிக் கலங்களின் பரம்பரையலகு வெளிப்பாடு தெளிவாக வேறுபட்டிருந்தது. ஆமிஷ் வீட்டுத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டபோது அவற்றுக்கு ஆஸ்துமா போன்ற நிலை உண்டாகாமல் அது காத்தது. மற்றையவர்களின் தூசி காக்கவில்லை. உமிழ்நீரில் எழுத்தைப் படிக்கும் பரிசோதனை இவ்விரு சமூகங்களின் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒரே சதவீதத்தைத்தான் கொடுத்திருக்கும்.

மாட்டுத்தொழுவம் வெள்ளவத்தையில் இல்லை. அதைக் கொண்டுவாருங்கள் என்றும் நான் சொல்லவரவில்லை. ஆனால் 17ஆவது நிறமூர்த்த எழுத்தின் ஆபத்து, குழந்தைப் பருவத்தில் வீட்டில் புகையிலைப் புகைக்கு உள்ளான பிள்ளைகளிலேயே கூடுதலாகத் தெரிகிறது என்று 2008இலும், தடிமனை உண்டாக்கும் ரைனோ வைரசினால் வந்த இழுப்புடன் சேரும்போது அது பெருகுகிறது என்று 2013இலும் ஆய்வுகள் வெளிவந்தன. எங்கள் மாடியின் கீழ்த்தளத்தில் மாலை ஆறு மணிக்கு மூன்று வீடுகளில் நுளம்புச்சுருள் கொளுத்தப்படுகிறது. படிக்கட்டில் ஒருவர் சிகரெட் பிடிக்கிறார். 2022 டிசம்பரில் காற்று மாசினால் ஒரு வெள்ளிக்கிழமை நாட்டின் பாடசாலைகளையே மூடவேண்டியிருந்தது. படிக்கட்டுக்காரருடன் பேசுவதற்கு உமிழ்நீர்ப் பரிசோதனை தேவையில்லை. நான் பேசினேன், இப்போது கீழே வாயிலுக்கு வெளியே நின்று பிடிக்கிறார்.

இனி, எம்மைப் பற்றியது. 2018இல் ஏறத்தாழ 24,000 ஆஸ்துமாக்காரரையும் 1 இலட்சத்து 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏனையோரையும் சேர்த்து நடந்த, பல இன மக்களை உள்ளடக்கிய ஆய்வில்கூடப் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வழியினரே. அப்படிக் கணித்த மதிப்பெண்கள் ஏனைய மக்களிடம் பொருத்தம் குறைகின்றன என்பது இத்துறையில் ஒப்புக்கொள்ளப்பட்ட விடயம்; எந்த எழுத்து எந்த எழுத்துடன் சேர்ந்து வருகிறது என்பது மக்களுக்கு மக்கள் மாறுவது அதற்கு ஒரு காரணம். வாசகர்களுள் பலர் அறிந்திராத ஒன்றைச் சொல்கிறேன்: உலகின் ஆய்வுகூடங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தின் (மரபுத்தொகுதி என்பது ஒருவரின் முழு டீ.என்.ஏ.) 2015ஆம் ஆண்டுத் தொகுப்பில், 26 மக்கட்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேருக்குள், ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர் இருக்கிறார்கள். 2024இல் அதே தொகுப்பிலிருந்து 731 பேரின் கலங்களில் பரம்பரையலகு வெளிப்பாடும் அளக்கப்பட்டு வெளியானது. 26 குழுக்களும் அதில் அடங்கும். எங்கள் எழுத்து அங்கே இருக்கிறது. ஆனால் அவர்களுக்குத் தொய்வு இருந்ததா இல்லையா என்ற குறிப்பு அந்தத் தொகுப்பில் இல்லை. அளக்கப்பட்டவையும் குருதியிலிருந்து வளர்த்த கலங்களே, சுவாசக்குழாய்க் கலங்களல்ல. 17ஆவது நிறமூர்த்தக் கதையில் எந்த இடத்தில் திசை தவறியதோ, அதே இடத்தில் நாங்கள் இன்று நிற்கிறோம்.

இதைச் சரிசெய்வது எட்டாத காரியமன்று. மூக்கின் உட்புற மேலணி சுவாசக்குழாய் மேலணிக்குப் பெருமளவு ஒத்திருப்பதால், பிள்ளைகளில் மூச்சுக்குழாய்க்குள் கருவி விடாமல், மூக்குக்குள் ஒரு சிறு தூரிகையைச் சில தடவை சுழற்றி எடுத்தாலே ஆர்.என்.ஏ. பெறலாம் என்பது நிறுவப்பட்ட வழி. கண்ணில் நீர் வரும், நோகாது. கடினமானது அதற்குப் பின்னால் உள்ளது: ஆர்.என்.ஏ. விரைவில் சிதையும், எடுத்தவுடன் காப்புத் திரவத்தில் போட்டு, பின்னர் மறை 80 பாகை செல்சியசில் வைக்கவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்ற ஊரில் அது எத்தகைய செலவு என்பதை நான் மறக்கவில்லை. இருந்தும் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983 முதல் மனிதப் பிறப்புரிமையியல் பிரிவு இயங்குகிறது. பொரளையில் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. அயலில் இந்தியா 2024 தொடக்கத்தில் 10,000 பேரின் மரபுத்தொகுதியை வாசித்து முடித்துவிட்டது. சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சில நூறு பேரில் எழுத்தையும் மூக்கு மேலணி வெளிப்பாட்டையும் ஒன்றாகப் பதிவதற்கு வேண்டிய அறிவு இந்த நகரத்திலேயே உண்டு. வீட்டு விறகடுப்பு, நுளம்புச்சுருள், படுக்கைத் தூசி ஆகியவற்றைப் பற்றிய வினாக்களையும் அதே கொப்பியில் சேர்த்துக்கொண்டால், ஆமிஷ் ஆய்வு காட்டிய பாடம் இங்கேயும் எழுதப்படலாம்.

ஆனால் அதற்கு முன்னர் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், கொட்டாஞ்சேனையில் வசிக்கும் எங்கள் உறவினர் ஒருவர் தன் பிள்ளையின் குருதியை ஓர் ஆய்வுக்குக் கொடுக்கச் சம்மதித்தார். முதலில் ஆங்கிலப் பத்திரத்தை நீட்டியிருக்கிறார்கள். தமிழில் கேட்டபோது, பல தடவை போட்டோப்பிரதி எடுத்து மங்கிய தாளொன்றைத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பரம்பரையலகு வெளிப்பாடு என்று இருக்கவேண்டிய இடத்தில் "பரம்பரையலகின் முகபாவம்" என்று எழுதியிருந்தது; ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். பிள்ளையின் குருதி எத்தனை ஆண்டு வைத்திருக்கப்படும், வெளிநாட்டுக்குப் போகுமா, பின்னர் மனம் மாறினால் யாரிடம் சொல்வது ஆகிய மூன்றும் அந்தத் தமிழ்ப் பிரதியில் இருக்கவில்லை என்பதை வீட்டுக்கு வந்து ஆங்கிலப் பிரதியுடன் ஒப்பிட்டபோதுதான் கண்டேன். எந்த இடம் என்று இங்கே எழுதவில்லை. அங்கே வேலை செய்தவர்கள் நல்ல மனிதர்கள், மொழிபெயர்ப்பை மட்டும் எவரும் ஒருமுறை வாசித்துப் பார்த்திருக்கவில்லை. மாதிரி கேட்கும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுக்கள் தமிழ்ப் பிரதியைத் தமிழ் தெரிந்த ஒரு தாயிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, அவருக்கு விளங்கிய பிறகே அனுமதி வழங்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

துண்டுப்பிரசுரத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து நான் மூன்று கேள்விகள் கேட்டேன். உங்கள் சதவீதம் எந்த மக்களின் தரவிலிருந்து கணிக்கப்பட்டது? இலங்கைப் பிள்ளைகளில் அது சரிபார்க்கப்பட்டதா? வாய்ப்புக் கூட என்று வந்தால், குறைவு என்று வந்த பிள்ளைக்குச் சொல்லாத எதைச் செய்யச் சொல்வீர்கள்? பேசிய பெண்பிள்ளை மிகவும் மரியாதையாக, "ஐயா, அது கம்பியூட்டர் கணக்குப் பார்க்கும்" என்றார். பொறுப்பானவர் திருப்பி அழைப்பார் என்றும் சொன்னார். மூன்று கிழமையாகிறது. அந்தப் பொறுப்பானவரோ, இத்துறையில் பணிபுரியும் வைத்தியர் எவரோ இந்தப் பத்தியூடாகப் பதில் எழுதுவாராயின், என் மகளைப் போன்ற பலர் அதை வாசிக்கக் காத்திருக்கிறார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.